வாசகர் கேள்வி-பதில்: உள்ளாட்சிகளின் சைபர் பாதுகாப்புக்கு மானியம்

கேள்வி: அமெரிக்காவில் ஒரு சிறிய நகராட்சியில் ஐ.டி. வேலை முழுவதையும் நான் ஒருவனே பார்க்கிறேன். சைபர் பாதுகாப்புக்கு மத்திய அரசு மானியம் இருக்கிறது என்கிறார்கள். நாங்களே விண்ணப்பிக்கலாமா?

பதில்: நேரடியாக முடியாது. 2021-ம் ஆண்டின் உள்கட்டமைப்புச் சட்டம் இதற்காக 100 கோடி டாலரை 2022 முதல் 2025 வரையிலான நான்கு நிதியாண்டுகளுக்கு ஒதுக்கியது. தொழில்நுட்ப விஷயங்களை சிசாவும் (மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு முகமை) பணக்கணக்கை ஃபீமாவும் (பேரிடர் மேலாண்மை முகமை) கவனிக்கின்றன. விண்ணப்பிக்கும் தகுதி மாநிலம் நியமித்த நிர்வாக முகமைக்கு மட்டுமே. ஆனால் மாநிலத்துக்கு வரும் தொகையில் குறைந்தது 80 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் போயாக வேண்டும், 25 சதவீதம் கிராமப்புறத்துக்கு. கிராமப்புறமாகக் கருதப்பட, மக்கள்தொகை 50,000-க்குக் குறைவு என்பது மட்டும் போதாது. சென்சஸ் கணக்கில் அந்தப் பகுதி நகரத்தொகுதியாகவும் இருக்கக் கூடாது. பெருநகரை ஒட்டிய சிற்றூர்கள் பல இங்கேதான் ஏமாறுகின்றன.

பணத்துக்குப் பதிலாக, உங்கள் எழுத்துபூர்வ சம்மதத்துடன் மாநிலமே மென்பொருளையோ சேவையையோ வாங்கித் தரலாம். தனி ஆளாக இருக்கும் உங்களுக்கு அதுவே நல்லது. டெண்டர், ரசீது, தணிக்கை எல்லாம் பெரும்பாலும் அவர்கள் தலையில் போய்விடும். மாநிலத்தின் அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள்: மத்திய அரசின் சாம் (SAM.gov) தளத்தில் உங்கள் நகராட்சிக்கு யு.இ.ஐ. என்ற தனி அடையாள எண் வாங்குவது, சிசாவின் இலவச பலவீன ஸ்கேனில் சேர்வது. இணையத்தில் வெளியே தெரியும் உங்கள் ஐ.பி. முகவரிகளைச் சோதித்து வாராவாரம் அறிக்கை அனுப்புவார்கள். பணம் கேட்கும்போது அந்த அறிக்கையே உங்களுக்கு ஆதாரம்.

கேள்வி: 2025 நிதியாண்டு மானியத்துக்கு எங்கள் பங்கு 40 சதவீதம். 60,000 டாலர் கிடைத்தால் நாங்கள் 24,000 போட்டால் சரிதானே?

பதில்: இல்லை, 40,000 போட வேண்டும். சதவீதம் மானியத் தொகையின் மேல் அல்ல, திட்டத்தின் மொத்தச் செலவின் மேல். 60,000-ஐ 0.60-ஆல் வகுத்தால் மொத்தம் 1,00,000. அதில் 40 சதவீதம் உங்களுடையது. 2022-ல் 10 சதவீதமாக இருந்த பங்கு ஆண்டுக்குப் பத்தாக ஏறி இங்கே வந்திருக்கிறது, ஆகவே எந்த ஆண்டின் மானியம் என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சில மாநிலங்கள் இந்தப் பங்கைத் தாங்களே ஏற்கின்றன. முதலில் அதைக் கேளுங்கள். பணமாகத்தான் தர வேண்டும் என்பதில்லை. திட்டத்துக்கு ஊழியர்கள் செலவிடும் நேரத்தையும் கணக்கில் காட்டலாம், ஆனால் அன்றன்றைய நேரப்பதிவு வேண்டும். வருடக் கடைசியில் உட்கார்ந்து எழுதிய பதிவு தணிக்கையில் நிற்காது. வேறொரு மத்திய மானியத்தைப் பங்காகக் காட்டவும் முடியாது.

கேள்வி: எதற்குக் கேட்பது? விற்பனையாளர்கள் புது ஃபயர்வால் (வலையமைப்புக்குள் வருவதை வடிகட்டும் கருவி) வாங்கச் சொல்கிறார்கள்.

பதில்: ஃபயர்வாலுக்கு முன்னால் எம்.எஃப்.ஏ.வும் (கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்பது) பேக்கப்பும். உள்ளாட்சிகளை முடக்கும் ரான்சம்வேர் (தரவைப் பூட்டிப் பணம் பறிக்கும் நிரல்) பல நேரம் திருடிய கடவுச்சொல்லோடு நுழைகிறது; நுழைந்ததும் முதலில் பேக்கப்பைத் தேடி அழிக்கிறது. பேக்கப் சர்வர் மற்ற கணினிகளோடு அதே டொமைனில் (ஒரே நிர்வாகக் கணக்குகளால் ஆளப்படும் கணினித் தொகுப்பில்) இருந்தால், அட்மின் கணக்கு ஒன்று கிடைத்தாலே போதும், கதை முடிந்தது. எனவே பேக்கப் சர்வரை டொமைனுக்கு வெளியே வையுங்கள், அதற்குத் தனிக் கணக்கும் தனி எம்.எஃப்.ஏ.வும் கொடுங்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வெளியிடத்தில். அவற்றில் ஒன்றாவது குறித்த காலம்வரை யாராலும் அழிக்க முடியாததாக இருக்கட்டும். காலாண்டுக்கு ஒருமுறை ஒரு சர்வரை முழுமையாக மீட்டுப் பார்த்து எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்து வையுங்கள். ‘வெற்றி’ என்று பச்சையில் காட்டும் பேக்கப் பதிவை மட்டும் நம்பவே கூடாது.

எம்.எஃப்.ஏ.வை அட்மின் கணக்குகளில் தொடங்கி வி.பி.என். (வெளியிலிருந்து அலுவலக வலையமைப்பில் நுழையும் வழி), மின்னஞ்சல், பிறகு எல்லோரும் என்று கொண்டுபோங்கள். மின்னஞ்சலின் பழைய ஐமேப், பாப் நுழைவுகளைக் கடவுச்சொல் மட்டும் போதும் என்று திறந்தே விட்டால் எம்.எஃப்.ஏ. போட்டும் பயனில்லை. சொந்த போனை அலுவலக வேலைக்குத் தர மாட்டேன் என்று ஊழியர்கள் சொல்வது நியாயம். அவர்களுக்கு ஃபிடோ சாவி (போனுக்குப் பதில் உள்நுழைவை உறுதிசெய்யும் சிறு கருவி) வாங்குங்கள், ஆளுக்கு இரண்டு. ஒன்று தொலைந்தால் அன்றைய வேலை நிற்காது.

எதைக் கேட்டாலும் மானியம் தீர்ந்த பிறகு வரும் ஆண்டுச் சந்தாவை யார் கட்டுவது என்பதைக் கவுன்சிலிடம் முன்கூட்டியே பேசி எழுதி வாங்குங்கள். இந்த ஒன்றைத்தான் நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வோம். காலாவதியான உரிமத்தோடு ரேக்கில் நிற்கும் கருவி உங்களைக் காக்காது.

கேள்வி: செலவு எங்கே நிராகரிக்கப்படும்?

பதில்: ரான்சம்வேர் கும்பல் கேட்கும் பிணைத்தொகை, சைபர் காப்பீட்டு பிரீமியம், கட்டடப் பணி மூன்றுக்கும் அனுமதி இல்லை. ஏற்கெனவே உங்கள் பட்ஜெட்டில் இருக்கும் செலவை மானியத்துக்கு மாற்றவும் கூடாது. ஹுவாவே, இசட்.டி.இ. கருவிகளுக்குச் சட்டப்படித் தடை. டெண்டர் நிபந்தனைகளை ஒரு நிறுவனம் எழுதிக் கொடுத்திருந்தால் அதே நிறுவனம் போட்டியில் கலந்துகொள்ள முடியாது. ‘நாங்களே எழுதித் தருகிறோம்’ என்று விற்பனையாளர் முன்வந்தால் மறுத்துவிடுங்கள். பல மாநிலங்களில் முதலில் நீங்கள் செலவழித்து, ரசீது காட்டித்தான் பணத்தைத் திரும்பப் பெற வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன் ஆர்டர் போட்டுவிட்டால் அந்தச் செலவு உங்களுடையதாகவே நின்றுவிடும்.