அந்த இரண்டு கிலோ யாருடையது?

கேள்வி: தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிறேன். மழையோ வெயிலோ, ஒவ்வொரு நிறுவையிலும் ஆளுக்கு இரண்டு கிலோ கழித்து எழுதும்படி மேலிடத்து உத்தரவு. சாக்குக்கும் ஈரத்துக்கும் என்கிறார்கள். அதில் ஒரு சதம்கூட என் கைக்கு வருவதில்லை. ஆனாலும் ஆராதனையில் ‘களவு செய்யாதிருப்பாயாக’ என்று வாசிக்கும்போது தொண்டை அடைக்கிறது. நான் திருடனா? வேலையை விட்டுவிடவா? இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். காணிக்கையைக் கூட்டிப் போட்டால் மனம் ஆறுமா?
— பெயர் வேண்டாம், மஸ்கெலியா

பதில்: சகோதரரே, காணிக்கை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வேண்டாம். கொழுந்துக்காரியிடம் கழித்ததை ஆலயத்தில் போட்டுக் கணக்கை நேர்செய்ய முடியாது.

உங்கள் கைக்கு எதுவும் வரவில்லை என்பதை நம்புகிறேன். ஆனால் பறிகொடுத்தவளுக்கு அது யார் பைக்குப் போனால் என்ன? லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். களவு செய்யாதே என்று சொல்லி, கூலிக்காரனின் கூலியை விடியும்வரை வைத்திருக்காதே என்று சொல்லி, கடைசியில் தராசுக்கும் நிறைகல்லுக்கும் வந்து நிற்கிறது. மூன்றும் ஒரே அதிகாரம்.

ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுக் கூலிக்கு, எத்தனை கிலோ என்று நீங்கள் எழுதவில்லை. 18 என்று வைத்துக்கொள்வோம். ஒருத்தி 21 கிலோ பறிக்கிறாள். நாளுக்கு இரண்டு நிறுவை என்றால் நான்கு கிலோ போய்விடும், மிஞ்சுவது 17. அந்த ஒரு கிலோ குறைந்ததற்காக அரைப்பேர் விழுந்தால், பாதி நாள் கூலியே போயிற்று. சாக்குக்கு எடை உண்டு, மழைக் கொழுந்தில் தண்ணீர் உண்டு. அவற்றை உள்ளபடி கழிப்பது களவல்ல. சுட்டெரிக்கும் வெயிலிலும் அதே இரண்டு கிலோ என்றால் அது களவுதான், அதில் உங்கள் பேனாவுக்கும் பங்கு இருக்கிறது. இதை மெழுகிச் சொல்ல எனக்கு மனமில்லை.

அதற்காக வேலையை விட வேண்டுமா? வரி வசூலிக்கும் ஆயக்காரர்கள் யோவான் ஸ்நானனிடம் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள் (லூக்கா 3). ஆயத்துறையை விட்டு ஓடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. கட்டளையிட்டதற்கு மேல் வாங்காதீர்கள் என்றார். உங்கள் சிக்கல் வேறு: இங்கே கட்டளையே கோணல். நீங்கள் விலகினால், உறுத்தலே இல்லாத ஒருவர் நாளைக்கு அந்தத் தராசடியில் நிற்பார்.

எனவே வெறும் சாக்கை, நனைந்ததும் காய்ந்ததுமாக, எல்லோர் முன்னிலையிலும் ஒருமுறை நிறுத்துக் காட்டுங்கள். தராசு முள் பெண்களுக்குத் தெரியட்டும். நிறையை உரக்கச் சொல்லுங்கள். கழிக்கும் உத்தரவை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னவர்கள் கையெழுத்துப் போடத் தயங்குவார்கள், அதுவே பாதி பதில். ஆனால் தனியாகப் போய் துரையிடம் மோத வேண்டாம், பிள்ளைகளின் படிப்பு இருக்கிறது. தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரையும் உங்கள் போதகரையும் கூட்டிக்கொள்ளுங்கள். அதிலும் தீராவிட்டால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் சங்கத்தின் பெயரிலேயே முறையிடலாம்.

சகேயு என்ற ஆயக்காரன், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான். உங்களிடம் கொடுக்கப் பணம் இல்லை, கணக்கு இருக்கிறது. இன்றைக்கே ஒரு கொப்பி வாங்குங்கள். தராசு காட்டியது எவ்வளவு, பதிந்தது எவ்வளவு என்று ஆள்வாரியாக, தேதிவாரியாக எழுதி வையுங்கள். சம்பள நாளுக்கு முன்பே அது தலைவர் கையில் இருக்கட்டும்.