மற்றப் பதினொரு பேர் எங்கே?

கேள்வி: கல்முனைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் இரண்டு வருடங்களாகக் கூடைப்பந்துப் பயிற்றுவிப்பாளராக இருக்கிறேன். எங்கள் 18 வயதுப் பிரிவு அணியின் புள்ளிகளில் பாதிக்கு மேல் ஒரே மாணவன்தான் எடுக்கிறான். பயிற்சிக்கோ நினைத்த நாளில்தான் வருகிறான். மாகாண மட்ட அரையிறுதியில் தோற்றுவிட்டோம். "கிண்ணம் எப்போது?" என்று பழைய மாணவர்கள் துளைத்தெடுக்கிறார்கள். அவனை நிறுத்தினால் தோல்வி நிச்சயம். வைத்திருந்தால் மற்றவர்கள் முகம் சுளிக்கிறார்கள். என்ன செய்வது, சேர்?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே பிரசுரித்திருக்கிறோம். முழுதாக நான்கு பக்கம். அதில் மூன்று பக்கம் அந்த ஒருவனைப் பற்றியது. எந்தத் தோளைச் சாய்த்து எறிவான் என்பதுவரை எழுதியிருக்கிறீர்கள். ஓர் அணிக்குப் பன்னிரண்டு பேர். மற்றப் பதினொருவரில் ஒருவனைப் பற்றிக்கூட ஒரு வரி இல்லை. அவர்கள் முகம் சுளிக்காமல் என்ன செய்வார்கள்?

முதலில் ஒன்று கேட்கிறேன். அவன் ஏன் வருவதில்லை? "நினைத்த நாளில்" என்று எழுதிவிட்டீர்கள்; விசாரித்தீர்களா? நான் பயிற்றுவித்த காலத்தில், பயிற்சிக்குப் பிந்தி வரும் ஒருவனைச் சோம்பேறி என்று மூன்று வாரம் வெளியே உட்கார வைத்தேன். ஒருநாள் பந்தைக் கையில் கொடுக்கும்போதுதான் பார்த்தேன், இரண்டு உள்ளங்கையிலும் கயிறு அறுத்த தடம். தகப்பனோடு கரைவலை இழுத்துவிட்டு வந்திருக்கிறான். அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. உங்கள் பையனுக்குக் காரணம் ரியூஷனாக இருக்கலாம், பஸ்ஸாக இருக்கலாம், வெறும் தலைக்கனமாகவும் இருக்கலாம். எதுவென்று தெரிந்த பிறகு தண்டியுங்கள்.

தலைக்கனம்தான் என்றால் வழி எளிது. காரணம் சொல்லாமல் பயிற்சிக்கு வராதவன் முதல் ஐவரில் இறங்க மாட்டான் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவனிடம் மட்டும் தனியாக இன்னொரு முறை சொல்லுங்கள். பிறகு, அரையிறுதியாக இருந்தாலும் அதன்படியே நடக்க வேண்டும். அங்கேதான் உங்களுக்குக் கை நடுங்கும்.

கிண்ண அவசரம் பற்றி. அமெரிக்கப் பயிற்றுவிப்பாளர் ஜோன் வூடன் 1948இல் லொஸ் ஏஞ்சல்ஸில் கலிபோர்னியாப் பல்கலைக்கழக அணியைப் பொறுப்பேற்றார். முதலாவது தேசியக் கிண்ணம் 1964இல்தான் வந்தது. அதையும் சேர்த்து, 1975இல் ஓய்வுபெறும்வரை 12 ஆண்டுகளில் 10 கிண்ணங்கள். அப்படிப்பட்டவர் பருவத்தின் முதல்நாள் கற்றுக்கொடுத்தது காலுறை போடுவதை! விரலிடுக்கிலும் குதிக்காலிலும் மடிப்பு விழாமல் இழுத்துவிட்டு, சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்ட வேண்டும். மடிப்பிருந்தால் கொப்புளம் வரும். கொப்புளம் வந்தவன் நாளைக்குப் பயிற்சிக்கு இல்லை.

வட கரோலினாப் பல்கலைக்கழக அணியின் பயிற்றுவிப்பாளர் டீன் சிமித் வேறொரு பழக்கத்தை ஏற்படுத்தினார். கூடையில் போட்டவன், தனக்குப் பந்து தந்தவனை விரலால் சுட்டிக்காட்ட வேண்டும். அவருக்கு முதல் தேசியக் கிண்ணம் கிடைத்தது 1982இல், 21ஆவது பருவத்தில். இறுதிப் போட்டியை வென்று கொடுத்த பந்தைப் போட்டவன் முதலாம் ஆண்டு மாணவன். பெயர் மைக்கல் ஜோர்தான். அந்தப் பருவத்தில் அணியில் அதிகப் புள்ளி எடுத்தவன் அவனில்லை. யாரை மறிப்பது என்று எதிரணி கடைசி நொடிவரை தடுமாற வேண்டியிருந்தது. உங்கள் அணியை எதிர்ப்பவர்களுக்கு அந்தக் குழப்பமே இல்லை, தம்பி. ஒருவனை இருவர் சுற்றிக்கொண்டால் வேலை முடிந்தது. (2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் நட்சத்திரங்களை அள்ளிக்கொண்டுபோன அமெரிக்கா மூன்றாமிடத்தோடு திரும்பிய கதை உங்களுக்குத் தெரிந்ததுதான்.)

ஆகவே பயிற்சி ஆட்டங்களில் அவனை மாற்று வீரர்களோடு சேர்த்துவிடுங்கள். முதல் ஐவரில் மற்ற நால்வரும் அவனில்லாமல் ஆடிப் பழகுவார்கள்; பந்தைக் கொடுக்காமல் வெல்ல முடியாது என்பது அவனுக்கும் விளங்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நமது திறந்த தரைகளில் தூரத்து எறியை நம்ப முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். வளையத்துக்குக் கீழே புகுந்து போடக்கூடிய இரண்டு பேரையாவது அப்போது தேட வேண்டியிருக்கும். இப்போதே தேடுங்கள். புள்ளிக் கொப்பியில் ஒரு நிரல் கூடுதலாகக் கீறி, கூடைக்கு முன் பந்தைக் கொடுத்தது யார் என்று குறியுங்கள். கொப்பியை வெளியே இருக்கும் மாணவனிடம் கொடுங்கள். கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பான்.

பழைய மாணவர்களுக்கு நான் என்ன சொல்ல? மட்டக்களப்பில் இந்த ஆட்டத்தை ஊன்றியவர்கள் அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகள். வெபர் அடிகளாரின் பெயரில் மைதானம் இருக்கிறது. புனித மைக்கேல் கல்லூரி அணியைப் பயிற்றுவித்த ஹேபேட் அடிகளார் 1990 ஆகஸ்டில் காணாமற்போனார். அவர்களை நினைத்துப் பேசும் எவரும் கிண்ணங்களை எண்ணி நான் கேட்டதில்லை. இதைச் சொல்லிப் பாருங்கள். அடங்காவிட்டால், பின்னேரம் வந்து பந்து பொறுக்கிப் போடச் சொல்லுங்கள். பாதிப்பேர் வரமாட்டார்கள்.

மறுபடி எழுதுங்கள். ஆனால் அந்தக் கடிதத்தில் மற்றப் பதினொருவரும் இருக்க வேண்டும். யார் இடக்கைக்காரன், யார் கடைசி பஸ்ஸில் போகிறவன், யாருடைய சப்பாத்து காலைக் கடிக்கிறது என்று.