‘டோனர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பொருள் என்ன? அது எங்கிருந்து வந்தது?

பிரிண்டரில் போடும் மைத்தூளைக் கேட்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்; தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

டோனர் என்றால் கொடுப்பவர் என்று சொல்லி நிறுத்தினால் போதாது. கடைக்காரரும்தான் கொடுக்கிறார். பதிலுக்கு எதையும் வாங்காமல் தன்னுடையதைக் கொடுப்பவர்தான் டோனர். இலத்தீனில் ‘டோனும்’ என்றால் பரிசு, ‘டோனாரே’ என்றால் பரிசாக அளித்தல். அது பழைய பிரெஞ்சு வழியாக 15-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. மன்னிப்பைக் குறிக்கும் ‘பார்டன்’ கூட இந்தக் குடும்பம்தான். ‘தானம்’ என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து டோனர் பிறந்ததாகச் சிலர் அடித்துச் சொல்வார்கள், நம்பாதீர்கள். இரண்டும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து தனித்தனியே கிளைத்தவை, ஒன்றுக்கொன்று பங்காளிகள்.

பத்திரம் எழுதுவது என் தொழில் என்பதால் இந்தச் சொல்லோடு தினமும் புழங்குகிறேன். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 122-ஆம் பிரிவில், மறுபயன் இல்லாமல் மனமுவந்து சொத்தைத் தருபவரை டோனர் என்றும் பெறுபவரை டோனீ என்றும் சொல்கிறது. டோனர் உயிரோடு இருக்கும்போதே டோனீ அதை ஏற்க வேண்டும். ஏற்கும் முன் டோனீ இறந்துவிட்டால் தானம் செல்லாது. தான செட்டில்மெண்ட் பத்திரத்தில் ‘பிறர் தூண்டுதல் இன்றி, முழு மனதுடன்’ என்று நாங்கள் எழுதுவது அலங்காரத்துக்காக அல்ல.

ஆனால் மகன் பெயருக்கு வீட்டை எழுதிவைக்க வரும் பெரியவர்கள், “கடைசிவரை என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள், தம்பி” என்பார்கள். சேர்த்துவிடுவேன். அந்த வரிக்கு 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 23-ஆம் பிரிவில் பலம் தந்திருக்கிறது: மகன் கவனிக்கத் தவறினால் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். அகராதிக்கு இது ஒத்துவராது. எனக்கு ஆட்சேபம் இல்லை.

ரத்தம், உறுப்பு தருபவர்களையும் டோனர் என்றழைப்பது 20-ஆம் நூற்றாண்டு வழக்கம். இந்தியாவில் காசு வாங்கிக்கொண்டு ரத்தம் கொடுத்தவர்களுக்கும் ‘தொழில்முறை டோனர்’ என்றே பெயர் இருந்தது. விற்பவருக்கு எதற்கு அந்தப் பெயர்? உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பையடுத்து, 1998 முதல் அந்த வியாபாரத்துக்குத் தடை வந்துவிட்டது.