ஆப் திரையில் பின்னணிப் படம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: ஆண்ட்ராய்டு லேஅவுட்டின் பேக்கிரவுண்டில் ஒரு புகைப்படம் கொடுத்தேன். சில போன்களில் ஆட்கள் ஒல்லியாக, நீளமாகத் தெரிகிறார்களே?

ப: பேக்கிரவுண்ட், படத்தின் நீள அகல விகிதத்தைப் பார்ப்பதே இல்லை, கிடைத்த இடம் முழுக்க இழுத்து நிரப்பிவிடும். நிறம், கிரேடியன்ட் என்றால் சரி, புகைப்படத்துக்கு ஒத்துவராது. ஃப்ரேம்லேஅவுட்டில் (ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும் லேஅவுட்) முதலாவதாக ஒரு இமேஜ்வியூவைத் திரை அளவுக்கு வைத்து, ஸ்கேல்டைப்பை சென்டர்க்ராப் (விகிதம் மாறாமல் நிரப்பி, மிஞ்சுவதை வெட்டுவது) ஆக்குங்கள். மற்றவை அதன் மேல் வரட்டும். ஓரங்கள் வெட்டுப்படும் என்பதால், முக்கியமானது நடுவில் இருக்கும் படமாகப் பாருங்கள்.

கே: படம் சேர்த்ததும் ஆப் மெமரி இல்லாமல் நின்றுவிடுகிறது. கோப்பு 2 எம்பிதான்!

ப: கோப்பின் அளவை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். திரைக்கு வரும்போது சுருக்கம் அவிழ்ந்து, பிக்சலுக்கு 4 பைட் பிடிக்கும். 4000×3000 படம் என்றால் 48 எம்பி. அதை வெறும் டிராயபிள் ஃபோல்டரில் போட்டிருந்தால் இன்னும் மோசம்: ஆண்ட்ராய்டு அதை எம்டிபிஐ (அடிப்படை பிக்சல் அடர்த்தி) படமாக எடுத்துக்கொண்டு, எக்ஸ்எக்ஸ்எச்டிபிஐ (அதைப்போல 3 மடங்கு அடர்த்தி) போனில் இரு பக்கமும் 3 மடங்கு பெரிதாக்கும். மெமரி 9 மடங்கு, அதாவது 432 எம்பி! படத்தை முதலில் 1080 பிக்சல் அகலத்துக்குக் குறையுங்கள், அப்புறம் டிராயபிள்-நோடிபிஐ ஃபோல்டரில் வையுங்கள், அங்கே இருப்பதை ஆண்ட்ராய்டு பெரிதாக்காது. வெப்பி வடிவத்துக்கு மாற்றினால் ஆப்பின் அளவு குறையும். ஆனால் அதனால் மெமரி சிக்கல் தீராது.

கே: ஃப்ளட்டரில் (ஆப் உருவாக்கும் கருவி) செய்த லாகின் திரையில் கீபோர்டு வந்தால் பின்னணி சுருங்குகிறது.

ப: படம் ஸ்காஃபோல்டின் (திரையின் அடிப்படைச் சட்டகம்) பாடிக்குள் இருக்கிறது, கீபோர்டு வந்தால் பாடி சுருங்கும், கூடவே படமும். இப்படிச் சுருங்க வைக்கும் ரீசைஸ்டுஅவாய்ட்பாட்டம்இன்செட்டை ஃபால்ஸ் ஆக்கச் சிலர் சொல்வார்கள். படம் அசையாது, ஆனால் பாஸ்வேர்டு பெட்டி கீபோர்டுக்குப் பின்னால் மறைந்துபோகலாம். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்காஃபோல்டையே ஒரு கன்டெய்னருக்குள் வையுங்கள். கன்டெய்னரின் பாக்ஸ்டெகரேஷனில் டெகரேஷன்இமேஜ், அதற்கு பாக்ஸ்ஃபிட்.கவர். ஸ்காஃபோல்டின் பேக்கிரவுண்ட்கலரை கலர்ஸ்.டிரான்ஸ்பரன்ட் ஆக்க மறந்தால் படமே தெரியாது.

கே: ரியாக்ட் நேட்டிவில் (ஆப் உருவாக்கும் இன்னொரு கருவி) இமேஜ்பேக்கிரவுண்ட் திரையின் ஒரு பகுதியில் மட்டும் வருகிறது.

ப: ஸ்டைலில் ஃப்ளெக்ஸ்: 1 கொடுங்கள், கிடைக்கும் இடம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். அதைச் சுற்றியுள்ள வியூவுக்கும் அதே.

கே: படம் அழகாக இருக்கிறது, மேலே உள்ள எழுத்துதான் படிக்க முடியவில்லை.

ப: படத்துக்கும் எழுத்துக்கும் நடுவே பாதி ஒளிபுகும் கறுப்பு அடுக்கு ஒன்று, எழுத்து வெள்ளையில். சாதாரண அளவு எழுத்துக்கு பின்னணியோடு 4.5:1 வெளிச்ச வேறுபாடாவது வேண்டும் என்கிறது டபிள்யூசிஏஜி, அதாவது இணைய உள்ளடக்கம் எல்லோருக்கும் எட்டுவதற்கான வழிகாட்டி. அதைப் படத்தில் எழுத்து விழும் இடங்களிலேயே மிக வெளிச்சமான இடத்தில் அளந்து பாருங்கள். கண்பார்வை குறைந்தவர்களும் உங்கள் ஆப்பைத் திறப்பார்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.