தாயின் எதிர்ப்பு சக்தி குழந்தைக்கு இயற்கையாகவே வருமென்றால், கர்ப்பிணிக்கு டிடி ஊசி எதற்கு?

வீட்டில் பெரியவர்கள் யாரோ "அந்தக் காலத்தில் நாங்க ஊசியா போட்டோம்" என்று சொல்லியிருப்பார்கள். உங்களுக்கு இப்போது ஐந்தாறு மாதம் இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இயற்கையாக வரும் என்பது உண்மைதான். ஆனால் அம்மாவின் ரத்தத்தில் இருப்பதுதானே பிள்ளைக்குப் போகும்? டிடி ஊசி தடுக்கும் டெட்டனஸ் நோய் வந்து பிழைத்தவர்களுக்கே அதற்கு எதிர்ப்பு சக்தி வருவதில்லை. ஊசி போட்டால்தான் உண்டு. இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த பச்சைக் குழந்தை, அப்புறம் வாயைத் திறக்க முடியாமல் விறைத்துப்போகும் நோய் அது. கர்ப்பிணிகளுக்கு ஊசியும் தொப்புள்கொடியைச் சுத்தமாக வெட்டுவதும் பரவிய பிறகுதான், 2015-இல் இந்தியாவில் அது ஒழிந்ததாக அறிவித்தார்கள்.

எனக்கு இந்தக் கேள்வி வலிக்கும் இடம் வேறு. என் மகன் 31-வது வாரத்திலேயே பிறந்துவிட்டான். ஐஜிஜி என்ற எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியாகப் பெருமளவு போய்ச் சேர்வது கடைசி வாரங்களில்தான். 28 முதல் 32 வாரத்தில் குழந்தையிடம் தாயின் அளவில் பாதி இருந்தாலே பெரிது. நிறைமாதத்திலோ தாயைவிடக் கூடவே இருக்கும். அவன் என்ஐசியுவில் (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருந்தபோது ரத்தத்தில் க்ளெப்சியெல்லா கிருமி இருப்பதாகச் சொன்னார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் என் காதுபடவே, "இவ ஒழுங்கா சாப்பிடல, அதான் பிள்ளைக்குத் தெம்பில்ல" என்றார்கள். நான் சாப்பிட்டதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வந்து சேர வேண்டியது வருவதற்குள் பிள்ளை வெளியே வந்துவிட்டான். குறைமாதப் பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணையும் தயவுசெய்து அப்படிப் பேசாதீர்கள்.

அத்தை சேனை தொட்டு வைக்க வேண்டும் என்றார். நான் விடவில்லை. சீம்பாலைக் கையால் பீய்ச்சிச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தேன். நர்ஸ் அதைக் குழாய் வழியாகக் கொடுத்தார், பிறகு பாலாடையில். சீம்பாலில் உள்ள ஐஜிஏ என்ற இன்னொரு எதிர்ப்புப் பொருள் ரத்தத்துக்குள் போகாது, குடலின் உட்புறத்தில் படிந்து கிருமியை ஒட்டவிடாமல் தடுக்கும். ஆன்டிபயாடிக்தான் அவனைக் காப்பாற்றியது, அதை மறைக்கவில்லை. ஆனாலும் அந்தச் சொட்டுகளைக் கொடுத்ததில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு. இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறான்.

நான் டாக்டர் இல்லை, பிள்ளைக்காகக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். ஊசிக் கம்பெனிக்கு ஆள் பிடிக்கிறேன் என்று கமெண்டில் எழுத வருகிறவர்களுக்கு: டிடி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2017 சட்டத் திருத்தம் 26 வாரம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு தந்தது. நான் வேலை பார்த்த தனியார் பள்ளியில் "நீங்க ஒப்பந்த டீச்சர்தானே" என்று சொல்லி என்னை நிறுத்திவிட்டார்கள். பிள்ளை இன்குபேட்டரில் இருக்கும்போது அந்த போன் வந்தது. பாலூட்டச் சொல்லி எல்லாரும் அறிவுரை சொல்கிறார்கள், அதற்கு நேரத்தையும் சம்பளத்தையும் யார் தருகிறார்கள்?

சரி, உங்கள் விஷயம். முதல் ஊசி போடவில்லை என்றால் இந்த வாரமே போடுங்கள். நான்கு வாரம் கழித்து இரண்டாவது. மூன்று வருடத்துக்குள் முந்தைய பிரசவத்தில் இரண்டு ஊசியும் போட்டிருந்தால் ஒரு பூஸ்டர் போதும், பழைய அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.