புது ரைஃபிளை முதலில் காகிதத்தில் சுடுங்கள்

நியூசிலாந்தில் ஏப்ரல் வாக்கில் ஆண் செம்மான்கள் கத்தும் பருவம். அங்கிருக்கும் உறவினரோடு வேட்டைக்குப் போகிற சிங்கப்பூர் நம்மவர்களிடமிருந்து வந்த கேள்விகள் சில.

*கிரைஸ்ட்சர்ச்சில் அக்கா மகன் புதிதாக .308 ரைஃபிள் வாங்கியிருக்கிறான். கடையிலேயே போர்சைட் செய்து கொடுத்துவிட்டார்களாம். நேரே மலைக்குப் போகலாமா? (ஈசூன்)*

வேண்டாம். போர்சைட் என்பது குழலின் திசையையும் ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கி) திசையையும் ஏறக்குறைய ஒன்றாக்குவது, அவ்வளவுதான். அதை நம்பிச் சுட்டால் 100 மீட்டரில் ஒரு சாண் தள்ளி விழலாம். மானின் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையே அந்தத் தூரம்கூட இருக்காது. வயிற்றில் குண்டு வாங்கிய மான் மணிக்கணக்கில் துடித்துச் சாகும். அதை நினைத்தால் ரேஞ்சில் (சுடும் பயிற்சித் திடலில்) ஒரு காலைப்பொழுது பெரிய விஷயமே இல்லை.

முதலில் 25 மீட்டர். ஒரே புள்ளியைக் குறிவைத்து மூன்று தோட்டா சுட்டு, மூன்று துளைகளின் நடுவைப் பாருங்கள். ஒரே தோட்டாவை நம்பி ஸ்கோப்பைத் திருப்பாதீர்கள். பல வேட்டை ஸ்கோப்களில் திருகைத் திருப்பும்போது வரும் ஒரு கிளிக், குண்டு விழும் இடத்தை 100 மீட்டரில் சுமார் 7 மி.மீ. நகர்த்தும், 25 மீட்டரில் 2 மி.மீ.கூட வராது. 25 மீட்டரில் குண்டு 5 செ.மீ. இடப்பக்கம் விழுந்தால் ஏறக்குறைய 28 கிளிக் வலப்பக்கம் திருப்ப வேண்டும். பலரும் 100 மீட்டர் கணக்கில் ஏழு கிளிக் திருப்பிவிட்டு, ஸ்கோப் பழுது என்கிறார்கள்.

அப்புறம் 100 மீட்டர். வேட்டை ரைஃபிளின் குழல் மெல்லியது, சீக்கிரம் சூடாகும். ஒவ்வொரு மூன்றுக்கும் பிறகு ஆறவிடுங்கள். மறுநாள் குழல் குளிர்ந்திருக்கும்போது ஒரே ஒரு தோட்டா சுட்டுப் பாருங்கள். மலையில் மானுக்குப் போவது அந்த முதல் தோட்டாதான்.

*சுடுவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? (செங்காங்)*

தோட்டா உட்காரும் அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, போல்ட்டை (அறையை மூடும் பின்பகுதி) கழற்றிக் குழலுக்குள் பாருங்கள். தொழிற்சாலை எண்ணெய் இருந்தால் துணி விட்டுத் துடைத்தெடுங்கள். ஸ்கோப் திருகுகளைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். குழலில் பொறித்திருக்கும் தோட்டா வகையும் தோட்டாப் பெட்டியில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். குண்டின் எடையை மாற்றினால், சரி, மறுபடி காகிதத்தில்தான் தொடங்க வேண்டும்.

*தேசிய சேவையில் எஸ்ஏஆர் 21 ராணுவ ரைஃபிளை ஸீரோ செய்த (குறியைச் சரிசெய்த) பழக்கம் உண்டு. அது போதுமா? (உட்லண்ட்ஸ்)*

மூச்சும் விரலும் கைகொடுக்கும். ஆனால் அது 5.56 மி.மீ. தோட்டா, சிறியது. .308 உதைப்பது வேறு மாதிரி, ஸ்கோப் புருவத்தைக் கிழித்துவிடும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே 8 முதல் 10 செ.மீ. விடுங்கள். உட்கார்ந்து மட்டும் அளக்காதீர்கள். குப்புறப் படுத்தால் தலை முன்னே போய்விடும்.

*லைசென்ஸ் இல்லாமல் நான் சுடலாமா? (ஜூரோங்)*

நியூசிலாந்தில் லைசென்ஸ் உள்ளவர் உங்கள் பக்கத்திலேயே நின்று மேற்பார்த்தால் சுடலாம். தனியாகச் சுட, வருகையாளர் லைசென்ஸுக்குப் பயணத்துக்கு முன்பே விண்ணப்பியுங்கள். திரும்பும்போது ஜாக்கெட் பை, முதுகுப்பையின் மூலை எல்லாவற்றையும் கவிழ்த்து உதறுங்கள். மறந்துபோன ஒரு தோட்டா சாங்கியில் உங்கள் பையில் கிடைத்தால் அது கடுமையான குற்றம்.