பட்டறைத் திண்ணை: முதலில் காந்தத்தை ஒட்டிப் பாருங்கள்

செங்கோட்டையில் சாரல் கட்டிவிட்டது. பட்டறை வாசலில் வண்டி குறைவு, கடிதம் அதிகம். இந்தத் தடவை வந்ததில் பாதி, பழைய காரின் இன்ஜினைக் கழுவித் துலக்குவது பற்றித்தான். மழைக்கு வீட்டோடு கிடந்தவர்கள் எல்லாரும் பானெட்டைத் திறந்து பார்த்திருக்கிறீர்கள் போல.

அண்ணாச்சி, அப்பா ஓட்டிய 1986 மாடல் பத்மினி காரின் ஹெட்டை (இன்ஜினின் மேல்பாகத்தை) கழற்றினேன். எண்ணெய்க் கசடு பாறை மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டு அம்பாசடர்க்காரர், “காஸ்டிக் சோடாவில் ஒரு ராத்திரி ஊறப்போடு, வெள்ளியாட்டம் வரும்” என்றார். டப்பில் போட்டேன். பத்து நிமிடத்தில் பொங்கி நுரைத்தது. பயந்துபோய் எடுத்துவிட்டேன். இப்போது ஹெட் முழுக்கக் கருப்பாக இருக்கிறது. தேறுமா? அதைக் கண்ணாடி மாதிரிப் பாலிஷ் போடவும் ஆசை. — புளியரை வாசகர்

பயந்தீர்களே, அந்தப் பயம்தான் உங்கள் ஹெட்டைக் காப்பாற்றியிருக்கிறது. ராத்திரி முழுக்க விட்டிருந்தால் காலையில் பழைய இரும்புக்கடைக்குத்தான் தூக்கிப் போயிருப்பீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் மேல் கோபப்படாதீர்கள். அவர் சொன்னது அவர் வண்டிக்குச் சரி. 1489 சிசி அம்பாசடர் இன்ஜினில் ஹெட்டுக்குக் கீழே இருக்கும் பிளாக்கும் வார்ப்பிரும்பு, ஹெட்டும் வார்ப்பிரும்பு. காஸ்டிக் இரும்பைத் தொடாது, கசடை மட்டும் உரித்துக்கொண்டு போகும். உங்கள் 1089 சிசி பத்மினியில் பிளாக்தான் இரும்பு, ஹெட் அலுமினியம். அலுமினியம் காஸ்டிக்கில் விழுந்தால் உலோகமே கரையும். பொங்கி வந்ததே, அந்தக் குமிழி ஹைட்ரஜன். பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்காமல் இருந்தது நல்ல நேரம்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 1979-இல் புனலூரில் ஒரு பட்டறையில் கையாளாகச் சேர்ந்தபோது எனக்குப் பதினான்கு வயது. பின்கட்டில் ஒரு காஸ்டிக் தொட்டி இருந்தது. லாரி பிளாக், அச்சு, ஸ்பிரிங் பட்டை எல்லாம் அதில்தான் முங்கிக் குளிக்கும். ஒருநாள் எஸ்டேட்காரர் ஒருவரின் புல்லட் வந்தது. செயின் கவரைக் கழற்றிக் கழுவி வை என்றார் ஆசான். எல்லாவற்றையும் போடும் தொட்டிதானே என்று நானும் போட்டேன். போட்டுவிட்டுச் சோறு தின்னப் போனேன். திரும்பி வந்து கம்பியால் தூக்கினால், பளபளவென்று இருந்த கவர் கரியடுப்பில் கிடந்த சட்டி மாதிரி வந்தது. ஓரம் காகிதமாக மெலிந்து, ஸ்க்ரூ துளைகள் பெருத்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. ஆசான் அடிக்கவில்லை. ஒரு காந்தத்தை என் சட்டைப்பையில் போட்டு, “இனி இது ஒட்டாத சாமானைத் தொட்டிக்குக் கொண்டுபோகாதே” என்றார். கவருக்கான காசை நாலு மாதம் சம்பளத்தில் பிடித்தார். அதையும் சொல்ல வேண்டும் அல்லவா.

இப்போது உங்கள் ஹெட். அலுமினியம் கரைந்து போக, அந்தக் கலவையில் இருந்த சிலிக்கான், செம்பு, இரும்பு எல்லாம் கரையாமல் மேலே படிந்து நிற்பதுதான் அந்தக் கருப்பு. வால்வும் ஸ்பிரிங்கும் இன்னும் ஹெட்டிலேயே இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, ஓடுகிற தண்ணீரில் அரைமணி நேரம் காட்டுங்கள். தண்ணீர் ஓடும் பாதை, எண்ணெய்த் துளை, போல்ட் துளை ஒவ்வொன்றிலும் பீய்ச்சி அடிக்க வேண்டும். மூலையில் தங்கிய காஸ்டிக் அடுத்த வாரமும் தின்றுகொண்டிருக்கும். பிறகு வினிகரில் நாலு பங்கு தண்ணீர் கலந்து ஒரு தடவை அலசி, உடனே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வினிகர் மிச்சக் காஸ்டிக்கை அடக்கும், கருப்பை எடுக்காது. கருப்பு போகச் சோப்புத் தண்ணீரும் நைலான் பிரஷும்தான். பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீர் இன்னும் நல்லது. நகை ஆசாரிகள் சும்மாவா அதை வைத்திருக்கிறார்கள்?

கம்பி பிரஷ் வேண்டாம். இரும்புக் கம்பியின் துணுக்கு அலுமினியத்தில் பதிந்து நிற்கும். நம்மூர்ச் சாரலில் ஒரே வாரத்தில் ஹெட்டில் செம்மண் தெளித்த மாதிரித் துருப்புள்ளி எழும்பும். பித்தளைக் கம்பி பிரஷ் என்றால் பாதகமில்லை. “அலுமினியம் பிரைட்னர்” என்று கேனில் விற்பதையும் தொடாதீர்கள். சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும். கையில் பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது, ராத்திரி எலும்பு வரை எரியும்.

காய்ந்தபின், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் உட்காரும் முகத்தை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் தென்காசியில் ஹெட் முகம் தேய்க்கும் லேத்துக்குக் கொண்டுபோங்கள். நேர்ச்சட்டம் வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுக் கோணல் பார்ப்பார்கள். அந்த முகத்தில் எமரி பேப்பரோ பஃபிங் சக்கரமோ படவே கூடாது. நீங்கள் பளபளப்பாக்கும் இடம் பள்ளமாகும், அந்தப் பள்ளத்தில்தான் நாளைக்கு கேஸ்கெட் வெடிக்கும்.

கண்ணாடி ஆசைக்கு வருவோம். ஹெட்டை விட்டுவிடுங்கள். அது மணல் வார்ப்பு, பொரிப்பொரியாகத்தான் இருக்கும். தேய்க்கத் தேய்க்க உள்ளே இருக்கும் ஓட்டைகள்தான் வெளியே வரும். வெளி மூடிகளில் காந்தம் ஒட்டாதது ஏதாவது இருந்தால் அதில் ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாம். 220 நம்பர் வாட்டர் பேப்பரில் தொடங்கி 400, 600, 800, 1000 என்று ஏறுங்கள். பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்தே தேய்க்க வேண்டும். ஒரு நம்பரில் நெடுக்காகத் தேய்த்தால் அடுத்த நம்பரில் குறுக்காக. முந்தின கோடு முழுக்க மறைகிற வரை அடுத்ததற்குத் தாவாதீர்கள். 220-இன் ஒரு கோடு தப்பினாலும் கடைசியில் பஃபிங் போட்டதும் அது மட்டும் பல்லை இளிக்கும். ஒரு மூடிக்கு எனக்கு மூன்று சாயங்காலம் ஆகும். அவசரக்காரர்கள் ஒரு சாயங்காலத்தில் முடித்துவிட்டு என்னிடம் கொண்டுவருவார்கள்.

பஃபிங் செய்தபின், சக்கரத்தில் தடவிய சோப்பு மெழுகு ஒரு துளி இல்லாமல் கழுவித் துடைத்து, கார் மெழுகு பூசுங்கள். இங்கே ஆடி முடிகிற வரை மாதம் ஒருமுறை பூச வேண்டிவரும். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்றுக்கு அலுமினியம் என்றால் அல்வா.

பெட்ரோலில் கழுவினால் சீக்கிரம் போகிறதே, மண்ணெண்ணெய்க்கு ஏன் அலைய வேண்டும்? — கடையநல்லூர் வாசகர்

நீங்களும் சீக்கிரம் போய்விடுவீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்து அடுத்த அறையின் அடுப்பைத் தேடிப் போகும். ரேஷன் மண்ணெண்ணெய் குதிரைக்கொம்பு என்றால் டீசல் இருக்கிறது. டீசலில் ஊறவைத்து, தேங்காய் மட்டையில் இருந்து பிய்த்த நாரால் தேயுங்கள். கடைசியில் சோப்புத் தண்ணீர்.

ஆரியங்காவில் இருக்கிறோம். தாத்தாவின் அம்பாசடர் ரேடியேட்டர் மேல்தொட்டியில் பெயின்ட் உரிந்து பித்தளை தெரிந்தது. குத்துவிளக்கு மாதிரியே புளி போட்டுத் துலக்கிவிட்டேன். தங்கமாக மின்னுகிறது. என் கணவர் கருப்பு பெயின்ட் அடிக்கச் சொல்கிறார். அடிக்கத்தான் வேண்டுமா? — வாசகி

அம்மா, புளி போட்டதில் பிசகு இல்லை. புளியில் உள்ள அமிலம் செம்பு, பித்தளையின் களிம்பைக் கரைக்கும். ரேடியேட்டரும் குத்துவிளக்குக்குச் சொந்தக்காரன்தான். ஆனால் அங்கங்கே பற்றவைத்த ஈயப்பூச்சு இருக்கிறது. புளியை வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போகாமல், உடனே கழுவிவிட வேண்டும். உப்பு சேர்த்திருந்தால் இன்னொரு தடவை கழுவுங்கள். அதே புளியும் உப்பும் கலந்த கை, அலுமினியச் சாமான் பக்கம் போகக் கூடாது. உப்பு அலுமினியத்தில் குழி பறிக்கும்.

பெயின்ட் விஷயத்தில் உங்கள் வீட்டுக்காரர் பக்கம்தான் நான். மின்னுகிற உலோகம் சூட்டை வெளியே விடுவதில் கஞ்சன். மங்கிய கருப்பு தாராளமாக விடும். ரேடியேட்டரில் பெரும்பாலான சூட்டைக் காற்றுதான் கொண்டுபோகிறது என்பதால் பெயின்ட் இல்லாமல் வண்டி நின்றுவிடாது. இருந்தாலும் கழுதுருட்டியில் இருந்து ஏற்றத்தில் இரண்டாவது கியரில் ஏறும்போது கிடைக்கிற கொஞ்சமும் லாபம். மெல்லிசாக ஒரே ஒரு கோட், மங்கல் கருப்பு. தகடுகளுக்கு நடுவே தடிமனாக அடித்துக் காற்றை அடைத்துவிடாதீர்கள். தங்கம் பார்க்க ஆசையாக இருந்தால் மூடியை மட்டும் துலக்கி வையுங்கள். அதற்கு நான் சிபாரிசு.

பிஸ்டன் தலையிலும் ஹெட் உள்ளேயும் சாம்பல் வெள்ளையாக ஒரு படிவு. வழக்கமான கரி மாதிரி இல்லை. வண்டி 1992-இல் இருந்து ஷெட்டில் நிற்கிறது. சுரண்டி, ஏர் அடித்து ஊதிவிடலாமா? — தென்மலை வாசகர்

ஊதாதீர்கள்! கடிதம் போட்டீர்களே, நல்ல காரியம். நம் நாட்டில் 2000 பிப்ரவரி 1-இல் இருந்துதான் எல்லா ஊரிலும் ஈயமில்லாத பெட்ரோல். அதற்கு முன் ஓடிய வண்டியின் படிவில் ஈயம் இருக்கும். நீங்கள் சொல்லும் அந்தச் சாம்பல் நிறம் பெரும்பாலும் அதுதான். நாங்கள் எல்லாம் அந்தக் காலத்தில் வாயாலேயே ஊதியவர்கள். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

டீசல் ஊற்றி ஒரு ராத்திரி ஊறவையுங்கள். ஈரமாக இருக்கும்போதே மரக்குச்சி அல்லது பித்தளைப் பட்டையால் சுரண்டுங்கள். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், பிஸ்டனும் அலுமினியம்தான், கீறல் விழும். வழித்ததைப் பழைய துணியில் துடைத்துக் கட்டித் தனியே வையுங்கள், தோட்டத்தில் கொட்டாதீர்கள். முகக்கவசம் போடுங்கள், கை கழுவாமல் கட்டன்சாயா குடிக்காதீர்கள். குழந்தைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது. பழைய சைலன்சர் பக்கக் கேஸ்கெட்டையும் உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். அந்தக் காலத்துச் சரக்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், நனைத்தே எடுங்கள்.

பிஸ்டன் ஓரத்தில் ஒரு மெல்லிய கரி வளையத்தை மட்டும் விட்டுவிடுவது என் ஆசான் வழக்கம். தேய்ந்த இன்ஜினில் எண்ணெய் மேலேறாமல் அது அணைகட்டும் என்பார். நானும் இன்றுவரை விட்டுத்தான் வைக்கிறேன்.

உள்ளே பெட்ரோல் போகும் பாதையையும் கண்ணாடி மாதிரிப் பாலிஷ் போட்டால் மைலேஜ் கூடுமாமே? — பாலிடெக்னிக் மாணவர், தென்காசி

தம்பி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டர் உள்ள வண்டியில் அது வேண்டாத வேலை. பெட்ரோல் முழுக்க ஆவியாகப் போவதில்லை, துளியாகவும் போகிறது. வழவழப்பான சுவரில் துளி ஒட்டிப் படலமாக ஓடும். லேசான சொரசொரப்பு இருந்தால் காற்று அங்கே சுழன்று துளியை மறுபடி தூக்கிக்கொண்டு போகும். வார்ப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை எடு, கேஸ்கெட் துளையும் பாதையும் சரியாக ஒத்துப்போகிறதா பார். தேய்ப்பதை 80 அல்லது 120 நம்பர் பேப்பரோடு நிறுத்திக்கொள். புகை வெளியே போகும் பாதையை வேண்டுமானால் வழவழப்பாக்கலாம், கரி ஒட்டுவது குறையும். தேய்த்த பொடி ஒரு சிட்டிகை உள்ளே தங்கினாலும் பேரிங் போச்சு. ஹெட் இன்ஜினில் இருக்கும்போதே தேய்க்கிற புத்திசாலிகளை நான் பார்த்திருக்கிறேன். நீ கழற்றித் தேய்.

துருப்பிடித்த வால்வு ஸ்பிரிங்கைப் பாத்ரூம் ஆசிட்டில் போட்டால் சுத்தமாகிறதே? — இலத்தூர் வாசகர்

ஆகும். பிறகு ஓடும்போது ஒடியும். ஆசிட்டில் இருந்து வரும் ஹைட்ரஜன் கெட்டி எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கலாக்கும். வெளியே பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும், அதுதான் ஆபத்து. லேசான துரு என்றால் டீசலும் நைலான் பிரஷும் போதும். குழி விழுந்திருந்தால் புது ஸ்பிரிங் வாங்குங்கள்.

கார்புரேட்டரைத் துலக்க எது நல்லது அண்ணாச்சி? காந்தம் ஒட்டவில்லை, அப்படியானால் அலுமினியம்தானே? — வடகரை வாசகர்

கையில் தூக்கிப் பாருங்கள். அளவுக்கு மீறிக் கனத்தால் அது துத்தநாகக் கலவை, பட்டறைப் பேச்சில் மசாக். பழைய கார்புரேட்டர் பலவும் அதில் வார்த்ததுதான். அதற்கு ஆசிட்டும் ஆகாது, காஸ்டிக்கும் ஆகாது. ரப்பர் வாஷர், மிதவை எல்லாம் கழற்றிவிட்டு டீசல், பழைய பல் பிரஷ், பிறகு ஏர். பெட்ரோல் பாயும் ஜெட் துளையில் கம்பி விடாதீர்கள், துளை பெருத்தால் வண்டி பெட்ரோலைக் குடிக்கும். அடைப்பு எடுக்க நைலான் நூல் போதும். எங்கள் பட்டறையில் அதற்கென்றே ஒரு முழம் தூண்டில் நரம்பு ஆணியில் தொங்குகிறது.